வாள் அண்ணாச்சி

மாஞ்சோலையில் புலியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் கரடிக்கு எதிரே போய் நின்றவர்கள் இருக்கிறார்கள். யானைக்குப் பயந்து ராத்திரி முழுக்கத் தேயிலைச் செடிக்குள் குந்தியிருந்தவர்களும் உண்டு. ஆனால் ஜப்பான் பட்டாளத்து வாளைப் பற்றி மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசக்கூடியவர் அந்த மலையில் ஒரே ஒருவர்தான். அவர் பெயர் எதுவாக இருந்தால் என்ன, ஊருக்கு அவர் வாள் அண்ணாச்சி.

தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்ந்தவர். இரும்பைச் சுண்டிப் பார்த்தே சாதி சொல்லிவிடுவார். அவருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்பதற்குத் தொழிலாளர் லயனில் இரண்டு பாடபேதம் உண்டு.

முதல் பாடம் கொஞ்சம் சரித்திர வாசனை உள்ளது. எஸ்டேட்டை நடத்திய பம்பாய் பர்மா கம்பெனி 1863-இல் தொடங்கியது. பர்மாத் தேக்கில் கொழித்தது. 1942-இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததும் காட்டையும் மரத்தையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. யானைகளை மலை தாண்டி அஸ்ஸாமுக்கு ஓட்டிவந்த கம்பெனிக்காரர் ஜே. எச். வில்லியம்ஸ், 1950-இல் அதைப் புத்தகமாகவே எழுதினார். அப்படி அங்கிருந்து வந்த யாரோ ஒரு துரை இங்கே பங்களாச் சுவரில் ஜப்பான் வாள் மாட்டியிருந்தாராம். அதைத் துடைத்து வைத்தது அண்ணாச்சியின் அப்பாவாம். டீக்கடையில் இதைச் சொன்னால் அண்ணாச்சியே மறுப்பார். "எங்கய்யா தொடச்சது துரையோட பூட்ஸ. வாளுமில்ல, மண்ணுமில்ல."

இரண்டாவது பாடம் அவரே சொன்னது. காரைக்குடிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தாலி கட்டியதும் பந்திக்கு இன்னும் நேரமிருக்கிறதே என்று முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்க்கப் போயிருக்கிறார். செட்டிமார் வீட்டுத் தூண், பர்மாத் தேக்கு அலமாரி, ஜப்பான் பீங்கான் தட்டு என்று நின்ற குவியலுக்கு நடுவே ஒரு வாள். கடைக்காரர் அதை உருவிக் கையில் கொடுத்தார். அண்ணாச்சி பத்து நிமிடம் பேசவில்லை. அண்ணாச்சியின் மனைவியான மதினிக்கு அந்தச் செய்தியில் இன்றுவரை நம்பிக்கை இல்லை. "இவுக பத்து நிமிசம் பேசாம இருந்தாகளா? அந்த வாளை வாங்கி இங்க மாட்டியிருக்கலாமே."

அவர் வாங்கவில்லை. அன்றும் வாங்கவில்லை, அதற்குப் பிறகும் வாங்கவில்லை. செல்போனுக்கு சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்று லயனுக்கு மேலே உண்டு. அதில் ஏறி உட்கார்ந்து, குடை பிடித்துக்கொண்டு, அட்டை கடிப்பதையும் பாராமல் உலகத்து வாள்களையெல்லாம் படித்தார். அந்த மலையில் உள்ள நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டில் மிக அதிகம் மழை பெய்யும் இடங்களில் சேர்ந்தவை. அந்த மழைக்கு நடுவே கற்ற வித்தை என்பதால், அண்ணாச்சியின் பேச்சிலும் விட்டு விட்டுப் பெய்வது என்ற வழக்கம் கிடையாது.

கல்யாணமாகாத சாமியார் குடும்பச் சண்டைக்குத் தீர்ப்பு சொல்வதை நம் ஊர் ஏற்றுக்கொள்ளவில்லையா? அப்படித்தான் வாளே இல்லாத வாள் அண்ணாச்சியிடமும் யோசனை கேட்க ஆள் வர ஆரம்பித்தது.

வருகிறவர்கள் மூன்று வகை. முதல் வகை, ஜப்பான் கார்ட்டூன் பார்த்து வளர்ந்த பையன்கள். குதிரைவெட்டிக்குச் சுற்றுலா வந்து, "அங்கிள், இந்தப் பேரே சாமுராய் வெட்டினதாலயா?" என்று கேட்பார்கள். இரண்டாவது வகை, கட்சிக்காரர்கள். மாவட்டத்துக்கு வரும் தலைவருக்கு வெள்ளி வீரவாள் கொடுத்துச் சலித்துப்போய், வித்தியாசமாக ஜப்பான் வாள் கொடுத்தால் என்ன என்று நினைப்பவர்கள். அவர்களை அண்ணாச்சி வாசலோடு அனுப்பிவிடுவார். "உங்க வாளு போட்டோ எடுக்க வரைக்கும் நிமிர்ந்து நின்னாப் போதும். அதுக்கு இது எதுக்கு?"

மூன்றாவது வகை, புதுவீடு கட்டியவர்கள். ஹாலில் சோபாவுக்கு மேலே ஒரு சுவர் காலியாக இருக்கும். மான் தலை மாட்ட முடியாது, வனத்துறை வரும். மாமனார் படம் மாட்ட மனமில்லை. மிச்சமிருப்பது வாள்தான்.

பாளையங்கோட்டையில் வீடு கட்டிய என் நண்பர் இந்த மூன்றாவது வகை. ஒரு தரகர் அவருக்கு வாட்ஸப்பில் நாலு படம் அனுப்பியிருந்தார். 'அசல் சாமுராய் வாள். நேதாஜி படையில் இருந்த தாத்தா மலேயாவிலிருந்து கொண்டுவந்தது. குடும்பக் கஷ்டத்துக்கு விற்கிறோம்.' நண்பருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மலையேறினேன்.

அது 2024. ஜூனில் எஸ்டேட் வேலை நின்றுவிட்டது. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-இல் 8,373 ஏக்கர் காட்டை 99 வருடக் குத்தகைக்கு எடுத்த கதை, 2028-க்கு முன்பே முடிவுக்கு வந்திருந்தது. லயனில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. அண்ணாச்சி வீட்டில் சாக்கும் பெட்டியும் கட்டிப் போட்டிருந்தார்கள். பரணில் ஏணி சாத்தியிருந்தது. இந்த நேரத்திலா வந்தோம் என்று எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. அண்ணாச்சிக்கு இல்லை. ஏணியிலிருந்து பாதியில் இறங்கி வந்து, "படத்தைக் காட்டுங்க தம்பி" என்றார்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும். அண்ணாச்சி 'நீங்க' என்றுதான் தொடங்குவார். ஐந்தாவது நிமிடம் அது 'நீரு' ஆகும். பத்தாவது நிமிடம் 'வே' வந்து ஒட்டிக்கொள்ளும். 'லே' வந்துவிட்டால், ஏமாறுவதற்கு நீங்களே முழுச் சம்மதம் கொடுத்துவிட்டீர்கள் என்று அவர் முடிவுகட்டிவிட்டதாக அர்த்தம்.

"சாமுராய் வாளா?" என்று ஆரம்பித்தார். "தம்பி, இடுப்புல வாள் கட்டிட்டு ஊருக்குள்ள நடக்கக் கூடாதுன்னு ஜப்பான் சர்க்காரு 1876-லயே சொல்லிட்டு. சாமுராய் சோலி அத்தோட முடிஞ்சுது. இவன் காட்டுதது பட்டாளத்து வாள் மாதிரி ஒண்ணு. அதுல மூணு சாதி உண்டு. முதல்ல அதைத் தெரிஞ்சுக்கிடுங்க.

"ஒண்ணு, சர்க்காரே மிஷின்ல அடிச்சு சார்ஜண்டுமாருக்குக் குடுத்தது. 1935 மாடல். அலகுல நம்பர் வெட்டியிருப்பான். உறையிலயும் அதே நம்பர் இருக்கணும். கைப்பிடிய அலுமினியத்துல வார்த்து, நாடா சுத்தின மாதிரி பெயிண்ட் அடிச்சிருப்பான்."

"அலுமினியமா?" நண்பரின் முகம் சுருங்கியது.

"இட்லிக் கொப்பரை அலுமினியந்தான். பின்ன என்ன, போர்க்காலத்துல தங்கத்துலயா செய்வான்? ரெண்டாவது, ஆபீசர்மார் வாள். அத சர்க்கார் குடுக்காது. அவனவன் சொந்தத் துட்டுல வாங்கணும். 1934-ல ஒரு மாடல், 1938-ல ஒரு மாடல். கைப்பிடியில திருக்கைத் தோல ஒட்டி, அதுக்கு மேல நாடா பின்னியிருப்பான். உள்ள இருக்க அலகு பெரும்பாலும் பட்டறையில மொத்தமா அடிச்சு எண்ணெயில முக்குனது. மூணாவதுதான் முறைப்படி செஞ்சது. மணலிரும்ப உருக்கி, மடிச்சு மடிச்சு அடிச்சு, களிமண் பூசித் தண்ணியில முக்குவான். இதுக்குன்னே யாசுகுனி கோயில்ல 1933-ல பட்டறை போட்டிருந்தான். சில ஆபீசர், பாட்டன் பூட்டன் வாளையே பட்டாள உறையில போட்டுக் கொண்டுவந்தான். மூணும் வெளியில பாத்தா ஒண்ணு போலத்தான் இருக்கும். கல்யாண மேடையில எல்லா மாப்பிள்ளையும் ஒண்ணு போல இருக்கான்லா? உள்ள என்னன்னு அப்புறந்தான தெரியும்."

மதினி உள்ளேயிருந்து, "அப்புறம் தெரிஞ்சு என்ன பிரயோசனம்?" என்றார்.

அண்ணாச்சி அதைக் காதில் வாங்கவில்லை. "அதனால கைப்பிடிய கழட்டிப் பாக்காம வாள் வாங்காதிரும். ஆபீசர் வாள்ல ஒரு மூங்கில் ஆணிதான் பிடிச்சிருக்கும். தட்டினா வந்துரும். உள்ள இருக்க வாலைப் பாக்கணும். செஞ்சவன் பேரும் வருசமும் வெட்டியிருந்தா அங்கதான் இருக்கும். வருசம் எப்பிடிப் பாக்கன்னு முழிக்காதிரும். கொல்லம் ஆண்டோட 825 கூட்டினா இங்கிலீஷ் வருசம் வருதுலா? அதே கணக்குதான். அவன் சோவா வருசத்தோட 1925 கூட்டணும். சோவா 18-ன்னா 1943."

"பேர் வெட்டியிருந்தா அசல்தானே?" என்றார் நண்பர்.

"கையெழுத்து இருந்தா எல்லாப் பத்திரமும் அசலாயிருமாவே? பெரிய கொல்லன் பேரச் சின்னக் கொல்லன் வெட்டுதது அங்க நானூறு ஐநூறு வருசமா நடக்குது. பேரப் பாக்காதிரும், துருவப் பாரும். அந்த வால்ல இருக்க துருதான் வாளுக்குப் பிறந்த சர்டிபிகேட்டு. கருத்து, மழமழன்னு இருந்தா வயசானது. செங்கப்பொடி மாதிரி கையில ஒட்டுச்சுன்னா நேத்து உப்புத்தண்ணியில முக்குனது."

துரு என்றதும் அவருக்குத் தென்காசிப் பக்கத்து வீடு ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. அங்கே உண்மையிலேயே ஒரு நல்ல ஆபீசர் வாள் இருந்ததாம். அண்ணாச்சி பார்க்கப் போன நாள் ஆயுத பூஜைக்கு மறுநாள். வீட்டுக்காரர் கைப்பிடியைக் கழற்றி, எண்பது வருடத் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தார். வீட்டம்மா அதன் மேல் புளி போட்டு விளக்கி, மூன்று பட்டை விபூதி இட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, அரிவாள்மனைக்கும் சைக்கிள் பம்புக்கும் நடுவே சாத்தியிருந்தார். வால் வெள்ளிக் கரண்டி போலப் பளபளத்தது. "பெத்த பிள்ளைக்கு மொட்டை போடச் சொன்னா தலையையே எடுத்துட்டான் வே" என்று சொல்லும்போது அண்ணாச்சியின் குரல் தழுதழுத்தது. அன்று அந்த வீட்டுச் சுண்டல்கூட அவருக்கு இறங்கவில்லை.

பிறகு பராமரிப்பு. அலகில் விரல் படக் கூடாது; வியர்வை துருவாகும். கிராம்பு வாசனை போட்ட எண்ணெய் ஒன்றை மெல்லத் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் கூடாது, பிசின் போல ஒட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, உருவிய வாளுக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது. எச்சில் தெறித்தால் அலகில் புள்ளி விழும் என்பதால், ஜப்பானில் வாளைப் பார்க்கிறவர்கள் வாயில் ஒரு தாளைக் கவ்விக்கொள்வதும் உண்டாம்.

அண்ணாச்சி ஏன் வாள் வாங்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

இதற்குள் அவர் நான்கு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்து முடித்திருந்தார். "இதுல டிராகன் போட்டிருக்கான். பட்டாள வாளுக்கு அடையாளம் செர்ரிப் பூ. உறை, கைக்காப்பு, கைப்பிடித் தொப்பி எல்லாத்துலயும் பூதான் இருக்கும். அலகுல பாரும், வரிவரியா மேகம் மாதிரி. அது ஆசிட்டுல வரைஞ்ச கோலம். அசல்ல வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பாத்தாத்தான் பனி மாதிரி தெரியும். கைக்காப்புக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சின்னத் தகடு அடுக்கியிருப்பான், ஒவ்வொண்ணுலயும் ஒரே எண் குத்தியிருப்பான். ஒண்ணுக்கொண்ணு மாறிரக் கூடாதுன்னு. இதுல ஒரே தகடு, அதுவும் பித்தளை. குஞ்சத்த வச்சு அந்தஸ்து சொல்லலாம். நீலம்னா சின்ன ஆபீசர், சிவப்புன்னா மேஜர் கர்னல். இவன் பச்சைக் குஞ்சம் கட்டியிருக்கான். அது தேர்வடம் செஞ்சதுல மிஞ்சினதா இருக்கும்."

"ஆனா தாத்தா நேதாஜி படையில இருந்திருக்காரே அண்ணாச்சி" என்று நண்பர் கடைசிப் பிடியைப் பிடித்தார். "வாள் எப்படியோ, அந்தக் கதை இருக்கே..."

"இருக்கட்டும் வே. 1943-ல நேதாஜி சிங்கப்பூருக்கு வந்ததும் மலேயாத் தோட்டத்துத் தமிழாளுக எத்தனையோ பேரு சேர்ந்தாக. பொம்பளைப் பிள்ளையள்ளாம் ஜான்சிராணிப் படையில நின்னுச்சு. அதெல்லாம் கும்பிட வேண்டிய சங்கதி. ஆனா யோசிச்சுப் பாரும். அந்தப் பக்கம் தோத்துது. வெள்ளைக்காரன் கைதியாப் பிடிச்சான். கைதியாக் கப்பலேறி வந்த மனுசன் மூணு அடி வாளை வேட்டிக்குள்ளயா சொருகிட்டு வந்தாரு? வாளு எப்பவும் ஜெயிச்சவன் பெட்டியிலதான் வரும். ஜப்பான் ஆபீசருக ஊரறிய வாளை நீட்டித்தான் சரணடையணும்னு மவுண்ட்பேட்டன் ஒத்தக்கால்ல நின்னாரு. 1945 நவம்பர் 30, சைகோன்ல ஜப்பான் பெரிய தளபதி தெராவுச்சியே வந்து நீட்டினாரு. அப்பிடிக் குவிஞ்ச வாளைத்தான் இந்தப் பக்கத்து ஆபீசர்மார் ஞாபகத்துக்குன்னு கொண்டுபோனாக. பர்மாவுல ஜெயிச்ச 14-வது சேனையில பெரும்பாலும் நம்ம இந்தியச் சிப்பாய்தான். அதனால வித்தவன்கிட்ட ஒரே கேள்வி கேளும்: 'உங்க தாத்தா எந்தப் பக்கம்?' வாளைப் பாத்துத் துட்டு குடும். கதையைக் கேட்டுக் குடுக்காதிரும்."

நண்பர் விடவில்லை. தரகரின் இன்னொரு செய்தியைக் காட்டினார். அந்த வாள் பல தலை கண்டது என்று எழுதியிருந்தது.

அண்ணாச்சி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மழை தகரத்தில் விழும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"மலேயாத் தோட்டத்துல நின்ன நம்ம ஆளுகளைத்தான் ஜப்பான்காரன் சயாம் ரயில் போடக் கொண்டுபோனான். 415 கிலோமீட்டர். போனவன்ல ஆயிரம் ஆயிரமாத் திரும்பல. எங்க ஆச்சிக்குக் கூடப்பிறந்தவர் ஒருத்தர் அங்கதான் போனாரு. அவருக்குத் திதி என்னைக்குன்னுகூடத் தெரியாது, மகாளய அமாவாசைக்குத்தான் தண்ணி இறைக்கோம். தலை கண்ட வாளு வேணும்னு கேக்குதீரே, அது யாரு தலைன்னு கேட்டீரா?"

யாரும் பேசவில்லை. மதினி கடுங்காப்பி கொண்டுவந்து வைத்தார். அண்ணாச்சி ஒரு வாய் குடித்ததும் பழைய ஆளாகிவிட்டார்.

"இன்னொண்ணு, சட்டம். 1959 ஆயுதச் சட்டத்துல வாளும் ஆயுதந்தான். கத்திகூட ஒம்பது அங்குலத்துக்கு மேல நீளமான அலகுன்னா கணக்குல வந்துரும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்க லைசென்ஸ் வேணும். அறிவிச்ச பகுதியா இருந்தா வீட்டுல வைக்கவே வேணும். பழம்பொருள்னு தப்பிக்கவும் முடியாது. அதுக்கு நூறு வருசம் ஆகணும், இது எண்பதச் சொச்சந்தான். நம்ம மாவட்டத்துல ஒருத்தன் அரிவாளோட பஸ் ஏறினாலே அம்பது விளக்கம் சொல்லணும். நீரு வாளோட ஏறப்போறீரு! முதல்ல ஸ்டேஷன்லயோ கலெக்டர் ஆபீஸ்லயோ கேட்டுட்டு வாரும். இதுல பெரிய கூத்து என்னன்னா, அந்த மிஷின் வாளை ஜப்பானுக்கே திரும்பக் கொண்டுபோக முடியாது. கலைப்பொருள் இல்லைன்னு பதிவு பண்ண மாட்டான், பிடுங்கிருவான். பிறந்த ஊருக்குள்ள நுழைய முடியாத சாமான் அது."

கடைசி வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் கட்டிப் போட்டிருந்த சாக்குகளை ஒரு தரம் பார்த்தார். பிறகு வேலை ஞாபகம் வந்தவராக ஏணியில் ஏறினார். பரணில் கையை விட்டுத் துழாவி, தேயிலைச் சாக்கில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கீழே நீட்டினார். நான் வாங்கினேன். பிரித்தால், கவாத்துக் கத்தி.

தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை இடுப்புயரத்துக்கும் கீழே வெட்டிவிடுவார்கள். அதுதான் கவாத்து. வெட்டு ஒரே வீச்சில் விழ வேண்டும். குச்சி பிளந்தால் செடி அழுகும். அந்தக் கத்தி அவருடைய அப்பாவுடையது.

அண்ணாச்சி இறங்கிவந்து அதைக் கையில் வாங்கினார். தன்னையறியாமல் சடங்கை ஆரம்பித்துவிட்டார். விரல் படாமல் பிடித்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கைப்பிடியைத் தட்டிக் கழற்றினார். வால் கருத்து மழமழவென்று இருந்தது. "பாத்தீரா, இதுதான் நான் சொன்ன துரு" என்றார். மரப்பிடி வேறு மரம், பின்னால் போட்டது. அலகின் வயிறு சாணைக்கல்லில் தேய்ந்து தேய்ந்து, அடியில் இருந்த அகலத்தில் பாதிகூட நுனியில் இல்லை. கொல்லன் குத்திய முத்திரை பாதி அழிந்திருந்தது. எண் இல்லை, டிராகன் இல்லை, குஞ்சம் இல்லை. அவர் சொன்ன எல்லாச் சோதனையிலும் அது தேறிவிட்டது.

அதன் பிறகு அவர் பேசவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. பத்து நிமிடம் இருக்கலாம். மதினி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

நண்பர்தான் அந்த அமைதியைக் கெடுத்தார். அவர் கண் கத்தியிலேயே நின்றது. காலிச் சுவர் அவர் மனதில் வந்துவிட்டது போல. "அண்ணாச்சி, இதக் குடுத்துருங்களேன். மாஞ்சோலைக் கவாத்துக் கத்தி, உங்க அப்பா வச்சிருந்தது, எஸ்டேட்டு மூடினப்போ பரண்லேர்ந்து எடுத்தது... கதை எவ்வளவு நல்லா இருக்கு! என்ன விலைன்னாலும் சரி."

அப்போதுதான் அது வந்தது.

"லே, கதைக்குத் துட்டு குடுக்காதன்னு இம்புட்டு நேரம் யாருகிட்டல சொன்னேன்?"

கத்தியைத் திரும்பச் சாக்கில் சுற்றி, கீழே கொண்டுபோக வேண்டிய பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்தார். வைப்பதற்கு முன் நான் அளந்து பார்த்தேன். அலகு ஒன்பதரை அங்குலம். விவசாயக் கருவி. அதற்கு எந்தச் சட்டத்திலும் லைசென்ஸ் தேவையில்லை.